பூமாலையில் உருவிய நூல்

ஆயுதபூஜைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கஜபதிக்குச் சோறு இறங்கவில்லை. வடிவு இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தான். வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. பயம், அவ்வளவுதான். அதை எந்த ஆண்பிள்ளை பெண்டாட்டியிடம் சொல்லுவான்?

கஜபதி வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், சுடர் மெட்டல் ஃபினிஷர்ஸ் என்ற கம்பெனியில். சைக்கிள் ஹேண்டில்பார், ஸ்கூட்டர் பம்பர், குளியலறைக் குழாய் என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று குரோம் முலாம் பூசித் தருவார்கள். நூற்றுச் சொச்சம் பேர் வேலை செய்யும் இடம். அதில் குரோம் தொட்டிப் பக்கம் நிற்பவர்கள் பதினெட்டுப் பேர். தொட்டியில் கரண்ட் பாய்ந்ததும் நுரை பொங்கி மஞ்சளாக ஆவி கிளம்பும். பதினோரு வருஷமாகக் கஜபதி அந்த ஆவியில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் பதினெட்டுப் பேருக்குள் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதலில் மூக்கு எரியும். பிறகு பொருக்குத் தட்டும், ரத்தம் வரும். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து ஒரு நாள் வலி சட்டென்று நின்றுவிடும். விரலை விட்டுப் பார்த்தால் இரண்டு நாசிக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஒரு ஓட்டை இருக்கும். இந்தப் பக்கம் நூலை நுழைத்தால் அந்தப் பக்கம் வரும். அன்றைக்கு அவன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். அன்றிலிருந்து அவன் சீனியர். "ஓட்டை வுழுந்தாத்தான்டா பிளேட்டரு" என்பது பெரியவர் உலகநாதன் போட்ட சட்டம். அவருக்கு ஓட்டை விழுந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

சிரிப்பு வந்தால் சிரித்துவிடாதீர்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் விஷத்துக்கு மேல் குனிந்து நிற்கிறவனுக்குக் கம்பெனி ஒரு முகமூடி கொடுக்கவில்லை, ஒரு ஃபேன் மாட்டவில்லை. உடம்பில் விழுந்த ஓட்டையையே பெருமையாக மாற்றிக்கொண்டார்கள், பாவிகள்.

முதலாளி பார்த்தசாரதிக்கும் அந்த வழக்கம் பிடித்துப் போயிருந்தது. ஆயுதபூஜை அன்று தொழிலாளர் குடும்பங்களுக்குக் கம்பெனி கேட்டைத் திறந்துவிடுவார்கள். பூஜை முடிந்து பொரி கொடுக்கும்போது, மெஷினுக்குப் போட்ட மாலையிலிருந்து அவரே ஒரு நூலை உருவி, மைக்கில் "கஜபதி, வித்தையைக் காட்டுப்பா" என்பார். கஜபதி மேடை ஏறி நூலை முறுக்கி ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் இழுப்பான். பிள்ளைகள் கைதட்டும். முதலாளி ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுப்பார். வடிவின் அலமாரியில் அப்படி நான்கு டிபன் பாக்ஸ் இருந்தன. அவன் மகள் பள்ளிக்கூடத்தில் போய், எங்கப்பாவுக்கு வித்தை தெரியும் என்று சொல்லியிருந்தாள்.

இந்த வருஷமும் கூப்பிடுவார். ஆனால் இந்த வருஷம் நூலை இழுத்துவிட்டு மைக்கில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று கஜபதி ஒத்துக்கொண்டிருந்தான். அந்த ஒப்புதல்தான் அவனைச் சாப்பிட விடவில்லை.

அது ஆரம்பித்தது ஆடி மாதத்தில். அயனம்பாக்கம் ஏரிக்காரர்கள் கறுப்புக் கொடி பிடித்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்தார்கள். ஏரியில் ஒரு பக்கம் தண்ணீர் மஞ்சளாகியிருந்தது. எருமை இறங்க மறுத்தது. துவைத்த வேட்டியில் கறை ஏறியது. நாற்று நடப் போனவர்களுக்குக் காலில் புண் வந்து, குழி குழியாக ஆறாமல் நின்றது. "கம்பெனிய மூடு" என்று அவர்கள் வெளியே கத்தினார்கள். "எங்க வவுத்துல அடிக்காதே" என்று தொழிலாளர்கள் உள்ளேயிருந்து கத்தினார்கள். யாரோ ஒரு கல்லை விட்டார்கள். டைம் ஆபீஸ் கண்ணாடி உடைந்தது. கஜபதி ஒரு லாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவன் குடியிருந்ததே அயனம்பாக்கத்தில்தான். கொடி பிடித்தவர்களில் பாதிப் பேர் அவன் தெருக்காரர்கள்.

யூனியன் செயலாளர் மணவாளன் மெருகு போடுகிற பஃபிங் பிரிவில் வேலை செய்பவன், நிதானமான ஆள். ஒரு வாரம் கழித்து ஏரிக் குழுவின் செயலாளர் சுசீலாவை அவனே டீக்கடைக்குக் கூப்பிட்டான். துணைக்குக் கஜபதியையும் இழுத்துக்கொண்டு போனான். சுசீலா கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுப்பவர். புருஷனுக்கு ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம், சொந்த ஊர் தெற்கே.

"ஏரியில கலக்கது குரோமியம்னு எனக்குத் தெரியும்" என்றார் சுசீலா. "எந்தக் கம்பெனித் தண்ணின்னு காட்டுங்கன்னு சர்க்கார் ஆபீஸ்ல மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. கேட்டைத் தாண்டி உள்ள விடாம நான் எப்படிக் காட்ட?"

"எங்க கதையக் கேளுங்க மேடம்" என்றான் மணவாளன். "ஆவிய உறிஞ்சற ஃபேன் மாட்டச் சொல்லுன்னு அதே ஆபீசுக்கு நாலு வருசமா எழுதிக்கினு கீறோம். எவனுக்கு இன்னா ஆச்சு, பேரு போடுன்றாங்கோ. பேரு போட எவனும் வர்ல. மொட்டை மனுன்னு தூக்கிக் கடாசிட்டாங்கோ."

பேச்சு கனமாகப் போவதைப் பார்த்துக் கஜபதிக்கு ஒரு ஆசை வந்தது. டீச்சரம்மாவைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே என்று கடையில் பொட்டலம் கட்டுகிற நூலில் ஒரு துண்டு அறுத்து, முறுக்கி, மூக்கில் விட்டு மறு பக்கம் இழுத்துக் காட்டினான்.

சுசீலா சிரிக்கவில்லை. டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இது எத்தனை பேருக்கு இருக்கு?"

"சீனியருங்கோ எட்டுப் பேரு மேடம்" என்றான் கஜபதி பெருமையாக.

"இது வித்தையில்ல கஜபதி. இது புண். அந்த ஆவி உங்க மூக்கைத் தின்னிருக்கு. வலி நின்னது புண் ஆறிப்போச்சுன்னு இல்ல, தின்ன அங்க ஒண்ணும் மிச்சம் இல்ல. அடுத்தாப்ல அது நெஞ்சுக்குள்ள இறங்கும். உங்க தெருவுல தாட்சாயிணி அக்கா கால்ல குழி விழுந்திருக்கே, பாத்திருப்பீங்க. அதுவும் இதுவும் ஒரே சாமான்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பயம். மூச்சை இழுக்கும்போதெல்லாம் இது எதுவரை போகிறது என்று நெஞ்சுக்குள் ஒரு கணக்கு ஓடியது. தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது மூச்சை அடக்கிப் பார்த்தான். எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

இரண்டு தரப்பும் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசின. தாட்சாயிணி லேசில் மசியவில்லை. ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு தனியாகப் பயிர் செய்கிறவள். கம்பெனியை மூடினால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று பிடிவாதமாக நின்றாள். மூடினால் இந்தத் தெருவிலேயே பதினாலு வீட்டுக்குச் சாப்பாடு போய்விடும் என்று மணவாளன் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொன்னான். கடைசியில் ஒரு ஒப்பந்தம் வந்தது. ஏரிக்காரர்கள் இனிமேல் மூடு என்று சொல்லக் கூடாது. தொழிலாளர்கள் இனிமேல் எங்கள் கம்பெனியில் ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. ஆவியை உறிஞ்சுகிற ஃபேன் வேண்டும், கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி வெளியே விடுகிற தொட்டி வேண்டும். இரண்டையும் இரண்டு பேரும் சேர்ந்து கேட்பது என்று முடிவாயிற்று.

"சரி, மூடச் சொல்ல மாட்டேன்" என்றாள் தாட்சாயிணி. கஜபதியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஆனா இவன் வாயத் தொறக்கணும்." எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கஜபதி சரியென்று தலையை ஆட்டிவிட்டான்.

ஆயுதபூஜைக்கு இரண்டு பேர் மனுவையும் தள்ளிவிட்ட அந்தச் சர்க்கார் ஆபீஸின் அதிகாரியையே முதலாளி விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார். சால்வை போட்டு, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, புகார் வாயை அடைப்பது அவர் எண்ணம். குடும்பத்தோடு குடும்பமாக ஏரிக்கரைப் பெண்களும் உள்ளே வந்துவிடலாம் என்பது மணவாளன் எண்ணம். பூஜைக்குத் தொட்டிகளைக் கழுவி, பழைய தண்ணீரை எல்லாம் திறந்துவிடுகிற நாளும் அதுதான். கஜபதியை முதலாளியே மேடைக்குக் கூப்பிடுவார், மைக்கும் கொடுப்பார். இதைவிட வசதி வேறு எப்போது வரும்?

வசதி எல்லாம் மணவாளனுக்கு. பேரைச் சொல்ல வேண்டியவன் கஜபதி. பேர் காகிதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். போன வருஷம் ரகுநாதன் மூக்கில் ரத்தம் நிற்கவில்லை என்று கம்பெனி டாக்டரிடம் போனான். தொட்டி வேலைக்கு உடம்பு தகுதி இல்லை என்று டாக்டர் எழுதினார். மறு வாரம் கேட்டில் அவன் வருகைக் கார்டைக் காணோம். இப்போது ரகுநாதன் அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை விற்கிறான். அவனைப் பார்த்தால் கஜபதி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவான்.

செய்தி எப்படியோ கசிந்தது. ஷிப்ட் முடிந்து கைகழுவுகிற குழாயடியில் உலகநாதன் அவனை மடக்கினார். ஐம்பத்து நாலு வயது, ரிட்டையர் ஆக நாலு வருஷம்.

"இன்னா நைனா, மேடையில பிரசங்கம் பண்ணப் போறியாமே?"

"அண்ணாத்தே, அந்த டீச்சரம்மா இன்னா சொன்னாங்கன்னா…"

"டீச்சரம்மா கெடக்கட்டும். நீ இது புண்ணுன்னு சொன்னா, ஒன் மூக்கு மட்டுமா மாட்டும்? எட்டுப் பேரு மூக்கும் மாட்டும். எட்டு அடுப்பு அணைஞ்சிடும். என் பொண்ணு கண்ணாலம் தையில கீது. தெரியும்ல?" அவர் கஜபதியின் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் பிடித்தார். கை ஈரமாக இருந்தது. "பூஜையன்னிக்கு நூல இஸ்துக் காமி, டிபன் பாக்ஸ வாங்கிக்க, எறங்கி வந்துரு. நல்லபடியா சொல்றேன்."

அதில் மிரட்டல் இருந்தது. ஆனால் அவர் கண்ணிலும் அதே பயம்தான் இருந்தது. கஜபதியை அதிகம் உலுக்கியது அதுதான்.

மறுநாளே மணவாளனிடம் போய், என்னால் முடியாது, வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட முடிவு பண்ணினான். அது ஞாயிற்றுக்கிழமை. செருப்பை மாட்டும்போது மச்சான் வேலுசாமி சைக்கிளில் வந்து இறங்கினான். வடிவின் தம்பி. இருபத்தேழு வயது, கைக்குழந்தைக்காரன். பதினாலு மாதத்துக்கு முன்னால்தான் தொட்டி வேலைக்குச் சேர்ந்திருந்தான். சேர்த்துவிட்டவன் கஜபதி. சிபாரிசு ஃபாரத்தில் அவன் பேர், தகப்பன் பேர், ஊர் எல்லாவற்றையும் தன் கையாலேயே நிரப்பி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தான்.

"மாமா!" என்றான் வேலுசாமி. முகமெல்லாம் பல். "எனுக்கும் பூந்துருச்சி மாமா!"

"இன்னாடா பூந்துருச்சி?"

"நூலுதான்! காத்தால பாத்தேன். இந்தாண்ட வுட்டா அந்தாண்ட வருது. பதினாலே மாசம்! உலகநாதன் அண்ணாத்தேக்கே ரெண்டு வருசம் ஆச்சாம்."

வடிவு உள்ளேயிருந்து ஓடி வந்து தம்பி தலையைத் தடவினாள். "எங்க ஊட்ல ரெண்டு சீனியரு" என்றாள். உடனே ரவையை வறுத்துக் கேசரி கிளறினாள். முதலாளி கொடுத்த டிபன் பாக்ஸில்தான் போட்டுக் கொடுத்தாள். கஜபதி தின்றான். ஒவ்வொரு வாயும் மண்ணாக இறங்கியது. வேலுசாமி பேசும்போது மூக்கோரத்தில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. அவன் அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, பேச்சை நிறுத்தாமல் சிரித்தான்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தான். வடிவின் முகத்தைப் பார்த்ததும் சொல் வரவில்லை. உன் தம்பியை நான்தான் கொண்டுபோய் அதில் தள்ளினேன் என்று எந்த வாயால் சொல்லுவது? மணவாளன் வீட்டுக்கும் போகவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஆயுதபூஜையும் வந்தது. கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்துப் போட்டிருந்தார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, சாமந்தி மாலை. குரோம் தொட்டிக்கும் மாலை போட்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் பொரிப் பொட்டலத்தோடு ஓடிப் பிடித்து விளையாடின. வடிவு வேலுசாமியின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். நாலு வரிசை தள்ளி ஏரிக்கரைப் பெண்கள் பதினைந்து பேர், யார் வீட்டுக்கோ அத்தை, யார் வீட்டுக்கோ சித்தி என்று பேர் கொடுத்து உள்ளே வந்திருந்தார்கள். தாட்சாயிணி புடவையைக் கணுக்கால் தெரியாமல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுசீலா மடியில் ஒரு கூடை. கூடைக்குள் தேங்காய் பழத்துக்கு அடியில் கண்ணாடிப் பாட்டில்.

அதிகாரி மேடையில் சால்வையோடு வியர்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். அவர் கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு குழந்தையிடமும் பேர் கேட்டார். கஜபதியைப் பார்த்து, "உன் பொண்ணு எந்த வகுப்பு?" என்று கேட்டார். இப்படி அன்பாகக் கேட்கிற மனுஷனைக் கூட்டத்துக்கு நடுவில் வைத்து எப்படி அவமானப்படுத்துவது? வேலை போனால் இந்தப் பெண்ணை எந்த வகுப்பு வரை படிக்க வைப்பது?

"சார், எங்க கம்பெனியில ஒரு வேடிக்கை இருக்கு" என்று முதலாளி அதிகாரியிடம் மைக்கிலேயே சொன்னார். மாலையிலிருந்து ஒரு நூலை உருவினார். "கஜபதி, வித்தையைக் காட்டுப்பா."

கஜபதி ஏறினான். நூலை முறுக்கினான். சாமந்தி வாசனை மூக்கில் ஏறியிருக்க வேண்டும். அவனுக்கு எந்த வாசனையும் தெரிந்து பல வருஷம் ஆயிற்று. இடது பக்கம் விட்டு வலது பக்கம் இழுத்தான். பிள்ளைகள் ஹோவென்று கத்தின. அதிகாரி முகம் சுளித்துக்கொண்டே சிரித்தார். மைக் அவன் கைக்கு வந்தது.

மணவாளன் சொல்லு என்று தலையை ஆட்டினான். உலகநாதன் கண்ணை எடுக்காமல் பார்த்தார். சுசீலா கூடையைப் பிடித்துக்கொண்டார். கஜபதி வாயைத் திறந்தான்.

"எல்லாருக்கும்… ஆயுதபூஜை வாழ்த்துக்கள்" என்றான். டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

அவ்வளவுதான். முடிந்தது. வெட்கத்தில் உடம்பு எரிந்தது. அதற்குக் கீழே, சொல்லவே கூசுகிறது, ஒரு நிம்மதியும் இருந்தது. தாட்சாயிணியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"இன்னொரு விசேஷம்" என்றார் முதலாளி. உலகநாதன் அவர் காதில் என்னவோ சொல்லியிருந்தார். "இந்த வருஷம் புதுசா ஒருத்தர் சீனியர் ஆயிருக்கார். வெறும் பதினாலு மாசத்துல! வேலுசாமி, வாப்பா மேல!"

வேலுசாமி துள்ளி ஏறினான். குழந்தையின் கையைப் பிடித்து வடிவு அப்பாவுக்கு ஆட்டிக் காட்டினாள். முதலாளி இன்னொரு நூலை உருவிக் கொடுத்தார். வேலுசாமி முறுக்கி உள்ளே விட்டான். மறு பக்கம் நுனி தெரிந்தது. பிடித்து இழுத்தான்.

வெள்ளையாகப் போன நூல் சிவப்பாக வந்தது. இழுக்க இழுக்க அதன் பின்னாலேயே ரத்தம் கொட்டியது. மீசை நனைந்து, புதுச் சட்டையில் வழிந்தது. பிள்ளைகள் கை தட்ட ஆரம்பித்து நிறுத்திவிட்டன. வேலுசாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், பல்லெல்லாம் ரத்தம். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, கொஞ்சம் பச்சையா கீது" என்றான்.

கஜபதி எப்போது மேடை ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. டிபன் பாக்ஸ் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. துண்டால் மச்சான் மூக்கைப் பொத்தினான். மைக்கைப் பிடுங்கினான்.

"இது வித்தையில்ல சார். புண்ணு" என்றான். "அதோ கீதே தொட்டி, அதுல வர்ற ஆவி மூக்க தின்னுடுது. எனுக்குத் தின்னுடுச்சி. எட்டுப் பேருக்குத் தின்னுடுச்சி. இவன் ஒம்போதாவது. அந்தத் தண்ணிதான் எங்க ஊரு ஏரிக்குப் போவுது. அங்கே பொம்பளைங்க காலத் தின்னுது. ஒரே சாமான் சார்."

முதலாளி முகம் வெளுத்துப் போனது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, வேறு ஒரு மைக்கில், வருத்தப்பட்ட குரலில் பேசினார்.

"இவ்வளவு கஷ்டம் இருக்குன்னா எனக்கு எதுக்கு இந்தக் கம்பெனி? யாரையும் கொடுமைப்படுத்தி எனக்குச் சம்பாதிக்க வேண்டாம். நாளைக்கே மூடிடறேன். எல்லாரும் வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

நூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "ஏய் கஜபதி, எறங்குடா!" என்று ஒரு குரல். "ஒன் பேச்சால எங்க சோத்துல மண்ணா?" என்று இன்னொன்று. ஒரு நாற்காலி பறந்து வந்து மேடைக் காலில் அடித்தது. பதினோரு வருஷம் கூட நின்று வேலை பார்த்த முகங்கள் அவை. இவர்கள் கையாலேயே சாகப் போகிறோம் என்று கஜபதிக்குத் தோன்றியது. வேலுசாமியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

அப்போது ஒரு பெண் குரல், மைக் இல்லாமலே, அத்தனை சத்தத்துக்கும் மேலே கேட்டது.

"யாருயா மூடச் சொன்னது?"

தாட்சாயிணி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். மேடைக்கு முன்னால் நின்று, வெட்கம் பார்க்காமல் புடவையை முழங்கால் வரை தூக்கினாள். கணுக்காலிலும் பாதத்திலும் குழி குழியாகப் புண். முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆடி மாசம் கண்ணாடிய ஒடச்சது யாருன்னு தேடிக்கினு இருந்தீங்களே, அந்தக் கல்ல வுட்டது நாந்தான்" என்றாள். "மூடுன்னு கத்துனவளும் நாந்தான். இப்போ அதே வாயால சொல்றேன், மூடாதே! மூடிட்டா ஒன் தொட்டியில கெடக்கற தண்ணிய எவன் வந்து அள்ளுவான்? அது மொத்தமும் எங்க ஏரியிலதான் எறங்கும். கம்பெனிய நடத்து. இவங்களுக்கு ஃபேனு மாட்டு. அந்தத் தண்ணிய சுத்தம் பண்ணி அனுப்பு. மூடிட்டு ஓடப் பாத்தியானா இவங்க கேட்டுக்கு உள்ளார குந்துவாங்க, நாங்க வெளிய குந்துவோம்."

தூக்கிய நாற்காலிகள் கீழே இறங்கின. ஏரிக்காரி வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று ஒருவனும் நினைக்கவில்லை. முதலாளியும் நினைக்கவில்லை என்பது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்தில் தெரிந்தது.

இந்தச் சந்தடியில் சுசீலா தொட்டிக்குப் பின்பக்கக் குழாயடிக்குப் போய்விட்டிருந்தார். தொட்டி கழுவிய தண்ணீர் மஞ்சளாக, உதிர்ந்த சாமந்தியையும் அடித்துக்கொண்டு கால்வாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலில் பிடித்து, மூடி, அதிகாரிக்கு முன்னால் மேசையில் வைத்தார். "இப்பத்தான் பிடிச்சது சார். அங்க இன்னும் ஓடிட்டிருக்கு, நீங்களே பாருங்க. லேபிள்ல கையெழுத்துப் போடுங்க."

அதிகாரி ஒரு தினுசாக மாட்டிக்கொண்டார். பாட்டிலைப் பார்த்தார், கால்வாயில் ஓடுகிற மஞ்சள் தண்ணீரைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், ரத்தம் நனைந்த துண்டைப் பார்த்தார். சால்வையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். லேபிளில் கையெழுத்துப் போட்டார்.

"தண்ணிக்கு இது போதும்" என்றார். "ஆள் பாதிப்புன்னா பேர் வேணும். பேர் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது. யார் கொடுக்கறீங்க?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை நாள் பயந்தது இந்த இடத்துக்குத்தான். கம்பெனி டாக்டர், ரகுநாதன், வேர்க்கடலைத் தட்டு எல்லாம் கஜபதியின் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதை வைத்துக்கொண்டேதான் சொன்னான்.

"கஜபதி. டிக்கெட் நம்பர் நாப்பத்தொண்ணு."

பேனா ஓடியது. "வேற?"

சீனியர்களில் ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். இன்னொருவர் தரையைப் பார்த்தார். கஜபதி தனியாக நின்றான். அவன் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நிமிஷம் இருந்ததில்லை.

"எழுதுபா" என்று பின்னால் ஒரு கரகரத்த குரல் கேட்டது. உலகநாதன். அவர் கண் வேலுசாமியின் சட்டையிலிருந்து நகரவில்லை. "உலகநாதன். நம்பர் ஏழு. நாந்தான் இதை வெளாட்டு ஆக்குனவன். எழுது."

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் கொடுத்தார்கள். மற்ற நாலு பேர் கொடுக்கவே இல்லை. நாளைக் காலை கேட்டில் கார்டு இருக்குமா என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, கொடுக்காதவர்களுக்கும் தெரியாது. முதல் ஷிப்டுக்கு நாங்களும் கேட்டுக்கு வருகிறோம் என்று தாட்சாயிணி மணவாளனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வேலுசாமியைப் பார்த்தார். "இவர் பேர்?"

வேலுசாமியின் வாயில் துண்டு. அவன் மாமாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இப்போதுதான் பயம் வந்து உட்கார்ந்திருந்தது. மேடைக்குக் கீழே வடிவு குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் கஜபதிக்குத் தெரிந்தது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலுசாமி" என்றான் கஜபதி. "தகப்பன் பேரு கோவிந்தன். ஊரு அயனம்பாக்கம். நான்தான் சார் இவனை இந்த வேலையில சேத்து வுட்டேன். அதையும் எழுதிக்குங்க."